முட்டாள் கீறல்

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை. நடுவில் அந்த மரப்பெட்டி உட்கார்ந்திருந்தது. உப்பு வேண்டுமென்றால் அதைச் சுற்றிக் கையை நீட்டி எடுக்க வேண்டும். என் புருஷன் ஹார்லன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். எடுத்து அலமாரியில் வை என்று அவன் சொல்லவில்லை, நானும் வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெண்டல் ரூல் வருகிறார், அதை விலைக்கு வாங்கிப் போக. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ட்வைலா தன் துப்பாக்கிப் பட்டறையில் எனக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறாள், அதை வெட்டி மாற்றி அமைக்க. இரண்டு பேருக்கும் சரி சரி என்று தலையாட்டியவள் நான்தான். ஒரே பொருளை இரண்டு பேருக்கு ஒப்புக்கொள்கிற புத்தி எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

பெட்டிக்குள் இருப்பது ஒரு பிஸ்டல். 1918இல் ராணுவத்துக்குச் செய்ததை அச்சு அசலாகத் திரும்பச் செய்தது. அதே மங்கிய கறுப்பு, அதே வால்நட் மரப் பிடி, குறி பார்க்கக் குழாய் நுனியில் எறும்புத் தலை அளவுக்கு அதே குறிமுனை. மொத்தம் எழுநூறுதான் செய்தார்களாம். என்னுடையது இருநூற்றுப் பன்னிரண்டாவது என்று தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ் சொல்கிறது. ஒரு தோட்டாகூடச் சுடாதது. சுடாத வரைக்கும்தான் அதற்கு மதிப்பு.

போன நவம்பரில் எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு ஹார்லன் வாங்கிக் கொடுத்தது அது. இருபத்திரண்டு வருடம் என் கையில் இருந்த பழைய பிஸ்டல் ஆகஸ்டில் விரிசல் விட்டுவிட்டது. புதிதாக எது வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அவனிடம் கொடுத்திருந்தேன். போட்டிக்கான மாடல், பெரிய குறிமுனை, எல்லாவற்றையும் தெளிவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதுபோல. அவன் போய் இதைத் தூக்கிக்கொண்டு வந்தான். நீ கேட்டது கடையில் இல்லை, இந்தப் பெட்டி அழகாக இருந்தது என்றான். சிரித்தபடி வாங்கிக்கொண்டு, குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் திட்டினேன்.

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. "பனியில மீன் பிடிக்கப் போறவளுக்குப் பட்டுக் கையுறை வாங்கிக் குடுத்திருக்கான் பாரு," என்றாள் ட்வைலா. நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் சுடுவது மானையும் வாத்தையும் அல்ல, காகித வட்டத்தை. புதன்கிழமைதோறும் சாயங்காலம் சங்கத்துக் கொட்டகையில் கூடுவோம். ஐம்பது அடி தள்ளி வட்டம் தொங்கும். ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். பத்துத் தோட்டா, பத்து நிமிடம். வேகத்துக்கு அங்கே வேலையில்லை. கை அசையாமல் நிற்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. சுவரில் இருக்கும் வெற்றிப் பலகையில் லோர்னா ப்ராக்ட் என்று ஏழு இடத்தில் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தக் கை செப்டம்பரிலிருந்து என் கையாக இல்லை. டொலீடோவில் ஒரு டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், கையை மடியில் சும்மா வைக்கச் சொன்னார். பிறகு பார்க்கின்சன் என்றார். வலது கையில் ஆரம்பித்திருக்கிறதாம். சாவியைத் திருப்பும்போது, தபால் பெட்டியைத் திறக்கும்போது அது ஒழுங்காகத்தான் இருக்கும். சும்மா இருக்கும்போது நடுங்கும். நீட்டி அசையாமல் பிடித்தால் நான்கைந்து நொடி பொறுத்துவிட்டு, பிறகு மெல்லக் கிளம்பும். அதாவது நான் சுடப் போகிற நேரம் பார்த்துக் கிளம்பும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கிராமத் தபால் வழியில் வண்டி ஓட்டுகிறேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஹார்லனிடமும்தான்.

அந்தப் புதன்கிழமை சங்கத்துப் பிஸ்டலை இரவல் வாங்கிச் சுட்டேன். காகிதத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. நான்கு ஓட்டை வட்டத்துக்கு வெளியே.

"இந்த இரவல் சாமான் உனக்கு ஒத்து வரலடி," என்றாள் ட்வைலா. எங்கள் ஊர்ப் பக்கம் துப்பாக்கி பழுது பார்ப்பவள் அவள்தான். என் அணியிலும் இருப்பவள். நாற்பத்தொன்பது வயதாகிறது, கையில் எப்போதும் எண்ணெய் வாடை.

"விசை சரியில்ல. கரகரன்னு இழுக்குது," என்றேன்.

அந்த விசையைப் போன மாதம் சீர்செய்தவளே அவள்தான். அது வெண்ணெய்போல நழுவும். வேறு யாராவது அதைக் குறை சொல்லியிருந்தால் கொட்டகையை இரண்டாக்கியிருப்பாள். என்னை ஒரு நிமிடம் பார்த்தாள், பிறகு, "சரி, பாக்கறேன்," என்று போய்விட்டாள். அவள் சண்டைக்கு வராதது எனக்கு உறுத்தியது.

சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோது வெண்டல் வந்து எதிரில் அமர்ந்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். சுடுவதைவிடச் சேர்த்து வைப்பதில்தான் அவருக்குப் பிரியம். வீட்டில் ஓர் அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி.

"சனிக்கிழமை பத்து மணிக்கு, லோர்னாம்மா. மறந்துடாதீங்க."

"எதுக்கு சனிக்கிழமை?" என்று ட்வைலா திரும்பினாள். "திங்கட்கிழமை அது என் பட்டறைக்கு வருது."

"நீங்க அதுமேல அரத்தை வச்சா அது கொலைங்க. வேற பேரே கிடையாது."

"எத்தனை பேரோட நல்ல பல்லைப் பிடுங்கியிருப்பீங்க, டாக்டர்? அப்பல்லாம் கொலைன்னு தோணலியா?"

மேஜையே சிரித்தது. வெண்டலும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "எழுநூறுல ஒண்ணும்மா அது. குறிமுனையை வெட்டிட்டா எழுநூறு அறுநூத்தித் தொண்ணூத்தொம்பதாயிடும். என்கிட்ட குடுத்துடுங்க. அந்தப் பணத்துல சுடறதுக்குன்னு சாதாரணமா ஒண்ணு வாங்கி, அதை எப்படி வேணாலும் கொத்திக்கோங்க. ட்வைலாவுக்கும் வேலை கிடைக்கும், எனக்கும் தூக்கம் வரும்."

"பெட்டிக்குள்ளயே கிடந்தா அது துப்பாக்கியே இல்ல. பேப்பர்வெயிட்டு," என்றாள் ட்வைலா. "நீ சொல்லுடி. விக்கிறியா, வெட்டறியா?"

"யோசிக்கிறேன்," என்றேன்.

வெண்டல் சொன்னதுதான் புத்திசாலித்தனம். நூறு பேரைக் கேட்டால் நூறு பேரும் அதையே சொல்வார்கள். ஆனால் விற்றால் நான் இன்னொன்று வாங்க மாட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எதுவும் பிடிக்கவில்லை என்று இந்தக் குளிர்காலத்தைத் தள்ளுவேன். அடுத்த குளிர்காலத்தில் கேட்க யாருக்கும் நினைவிருக்காது. மானம் போகாமல் நழுவிவிடலாம். ட்வைலாவிடம் கொடுத்தாலோ, அதைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் நின்றாக வேண்டும். விற்பதா வெட்டுவதா என்று அவர்கள் கேட்டது பிஸ்டலைப் பற்றி. எனக்கு அது, நான் இனிமேல் சுடப் போகிறேனா இல்லையா என்ற கேள்வி.

வியாழக்கிழமை இருப்புக் கொள்ளவில்லை. விற்றுவிடுவது என்று காலையில் முடிவு செய்தேன். மத்தியானம் தபால் வண்டியில் போகும்போது வெண்டலைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சாயங்காலம் ட்வைலாவின் எண்ணைப் பாதி வரை அழுத்திவிட்டு விட்டுவிட்டேன். துணி மடித்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

"என்ன, கால்ல சக்கரமா?" என்றான் ஹார்லன்.

"ஆமா. உன் பெட்டியச் சுத்திச் சுத்தி வர்றேன்."

"வேணாம்னா குடுத்துடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"உன்னைக் கேட்டேனா?"

அவன் தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பழுது பார்ப்பவன். ஏதாவது ஒன்று முறைத்துக்கொண்டு நின்றால் திட்டாமல் சுற்றி வந்து பார்ப்பான். என்னையும் அப்படித்தான் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் வேலைக் கொட்டகைக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை வழியில் ஒரு வீட்டுத் தபால் கட்டு கையிலிருந்து நழுவிப் பனியில் கொட்டியது. கல்யாணப் பத்திரிகை, மின்சாரக் கட்டணச் சீட்டு, எல்லாம் ஈரம். முட்டி போட்டுப் பொறுக்கினேன். ஜன்னலில் அந்த வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று என்று கையைக் காட்டினேன். காற்றே இல்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஹார்லன் கொட்டகையில் இருந்தான். நான் பெட்டியைத் திறந்தேன். நாளைக்குப் போகப் போகிறது, உள்ளே எப்படியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் என்ன என்று தோன்றியது. விற்கப் போகிற, சுடாத பிஸ்டலைக் கழற்றவே கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கழற்றினேன். உள்ளே வேலை அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. அரம் பட்ட தடம்கூடத் தெரியாத உருக்கு. ஹார்லன் பெட்டியின் அழகைப் பார்த்து வாங்கினாலும் மட்டமானதை வாங்கவில்லை என்று முதல் தடவையாக நினைத்தேன்.

திரும்பப் பூட்டும்போதுதான் வந்தது வினை. இந்த வகைப் பிஸ்டலில் இடது பக்கம் ஒரு சின்ன நெம்பு உண்டு. அதைக் கடைசியில் நுழைக்க வேண்டும். அது ஒரு துளி ஸ்பிரிங்கைத் தாண்டித்தான் உள்ளே போகும். அவசரப்பட்டு அழுத்தினால் வழுக்கி, பிஸ்டலின் உடம்பின்மேல் வளைவாகக் கீறிவிடும். உலகம் முழுக்க அதற்கு ஒரே பெயர், முட்டாள் கீறல். எங்கள் சங்கத்தில் அப்படிக் கீறியவன் பெயரைக் கரும்பலகையில் எழுதி, சீசன் முடியும்வரை அழிக்க மாட்டோம். அடுத்த புதன்கிழமை அவன் எல்லோருக்கும் 'பை' என்கிற, மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவர வேண்டும். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். எத்தனை பேரை நிற்க வைத்துக் கிண்டலடித்திருக்கிறேன்! என் பெயர் ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை.

நெம்பை வைத்தேன். ஸ்பிரிங்கை ஒரு அட்டை முனையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையை அப்படியே நிறுத்தினேன். கொட்டகையில் ஏதோ விழுந்த சத்தம். ஹார்லன் வருகிறானா என்று காது கொடுத்தேன். அந்த நான்கைந்து நொடிதான். கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. நெம்பு வழுக்கியது.

நகம் வெட்டிப் போட்டதுபோல வெள்ளையாக ஒரு வளைவு. கறுப்பில் அது பல்லைக் காட்டியது.

கட்டைவிரலால் தேய்த்தேன். எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். தபால் அலுவலகத்திலிருந்து வந்த கறுப்பு மார்க்கரை எடுத்து அதன்மேல் பூசிக்கூடப் பார்த்தேன். பூசியதைப் பார்த்ததும் எனக்கே கேவலமாக இருந்தது, துடைத்தெடுத்தேன். பிறகு பிஸ்டலை இடது பக்கம் கீழே இருக்கும்படி பெட்டியில் வைத்து மூடினேன். அதுவும் கேவலம்தான். வெண்டல் கவனிக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டாரா என்று நான் நினைத்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

சனிக்கிழமை வெண்டல் பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். கோட்டுப் பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறை, பேனா விளக்கு, பூதக்கண்ணாடி எல்லாம் வெளியே வந்தன. கடைவாய்ப் பல்லைச் சோதிக்கப் போகிறவரைப்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஹார்லன் அவருக்குக் காப்பி ஊற்றினான்.

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கத்தான் நினைத்தேன். அவர் சான்றிதழைப் படித்தார், எண்ணைச் சரிபார்த்தார், "அடடா, அடடா," என்றார். பிறகு பிஸ்டலை எடுத்துத் திருப்பினார்.

"அய்யோ," என்றார்.

விளக்கு அந்த இடத்திலேயே நின்றது.

"யாரு இதைப் பண்ணினது?"

நான் மூச்சை இழுப்பதற்குள், "நான்தாங்க," என்றான் ஹார்லன்.

காப்பிக் கெண்டி அவன் கையில் இருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நேத்து இவ தபாலுக்குப் போயிருந்தா. உள்ள எப்படித்தான் இருக்கும்னு கழட்டிப் பாத்தேன். திரும்ப மாட்டறப்போ அந்த நெம்பு வழுக்கிடுச்சு."

"எதை வச்சுய்யா மாட்டின? கடப்பாரையா?" வெண்டலுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. "கழட்டக் கூடாதுன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? பக்கத்துலயே இவங்க இருக்காங்க!"

"தப்புதாங்க."

"கரும்பலகையில பேரு ஏறும், தெரியுமில்ல? சங்கத்துல உறுப்பினர் இல்லன்னாலும் ஏத்துவோம்."

"ஏத்துங்க. பை செர்ரியா, ஆப்பிளா?"

வெண்டல் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் நல்ல மனுஷன். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். "உங்க கையில இருந்திருந்தா இது நடந்திருக்குமாம்மா? அதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கோங்க. கீறல் இருந்தா அது சேகரிப்புல சேராது. என்னால எடுத்துக்க முடியாது," என்று அவர் எழுந்தார். போகிறபோது ஹார்லனைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே காரில் ஏறினார்.

கதவு சாத்தியதும் ஹார்லன் கோப்பைகளை எடுத்துத் தொட்டியில் போட்டுக் கழுவ ஆரம்பித்தான்.

"ஏன் பொய் சொன்ன?"

"சும்மாதான்."

"குண்டு எந்தப் பக்கமா போகும்னு தெரியாது உனக்கு. நெம்பாம், வழுக்கிடுச்சாம்!"

"முப்பது வருஷமா சாப்பிடறப்போ நீ வேற எதைப் பத்திப் பேசியிருக்க? கேட்டுக் கேட்டு நான் கண்ணை மூடிட்டே பூட்டுவேன்."

"ஹார்லன்."

தண்ணீரை நிறுத்தினான். திரும்பவில்லை. "நேத்து உப்பு எடுக்க வந்தேன். மார்க்கர் மூடியில்லாம கிடந்துச்சு. பெட்டியத் திறந்து பாத்தேன்."

"பாத்துட்டு?"

"இருபத்திரண்டு வருஷத்துல நீ ஒரு தடவகூடக் கீறினதில்லையேன்னு நெனச்சேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது கை மடியில் விழுந்ததும் தன் வேலையை ஆரம்பித்தது. அதை இடது கையால் மூடப் போனேன். பிறகு மூடவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆகஸ்ட்லேர்ந்து. காப்பிய அரைக் கப்பா ஊத்திக்க ஆரம்பிச்ச. அப்புறம் உன் வண்டியில டொலீடோ ஆஸ்பத்திரி பார்க்கிங் சீட்டு கிடந்துச்சு."

"கேக்க வேண்டியதுதானே?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு இன்ஜின் சத்தம் மாறினா நான் வீட்டுக்குள்ள இருந்தே கண்டுபிடிப்பேன். பக்கத்துல படுத்திருக்கிறவ கை ஆடறது தெரியாதா? சொல்றப்போ சொல்லட்டும்னு இருந்தேன்."

ஆகஸ்ட் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் செப்டம்பர், அக்டோபர், நவம்பர். மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"நான் எழுதிக் குடுத்த சீட்டு?"

அவன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, பர்ஸை எடுத்து, மடித்த சீட்டை மேஜையில் வைத்தான். தேய்ந்துபோயிருந்தது.

"இதுல எழுதினது கடையில இல்லன்னு சொன்னியே?"

"ரெண்டு இருந்துச்சு."

"அப்ப தெரிஞ்சேதான் இதை வாங்கினியா?"

அவன் எனக்கு எதிரே உட்கார்ந்தான். "சுட முடியாமப் போனா சங்கத்துல சொல்ல உனக்கு ஒரு காரணம் வேணும்ல? என் புருஷன் ஒரு மடையன், போட்டிக்கு ஆகாததை வாங்கிட்டு வந்துட்டான், கண்ணாடிக்குள்ள வச்சுப் பாத்துட்டு இருக்கேன்னு சொல்லிக்கலாம். கையப் பத்திப் பேச்சே வராது. அப்படி நெனச்சேன்."

இரண்டு மாதமாகச் சங்கமே அவனை மடையன் என்று சொல்லிச் சிரித்திருக்கிறது. நான் முன்வரிசையில் நின்று சிரித்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் விருந்தில் ட்வைலா பட்டுக் கையுறைக் கதையை அவன் முன்னாலேயே சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு பன்றித் தொடை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

நெஞ்சு நிறைந்தது என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் முதலில் வந்தது கோபம்தான்.

"என்னைக் கேக்காமலே சங்கத்துலேர்ந்து என்னை வீட்டுக்கு அனுப்பிட்டியா நீ?"

"நீ சொல்லாம மறைச்ச. நான் சொல்லாம வாங்கினேன். சமம்."

"சமமில்ல! நான் பொய் சொன்னது என் கையப் பத்தி. நீ பொய் சொன்னதும் என் கையப் பத்தி. உன்னுது எங்க இருக்கு இதுல?"

"என்னுது எங்கேயா?" அவன் குரல் உயர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை. "புதன்கிழமை நீ வீட்டுக்கு வந்து கார்லயே அரை மணி நேரம் விளக்கை அணைச்சுட்டு உக்காந்திருக்க. ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு நிக்கறேன் நான். வந்து கதவைத் திறக்கவும் முடியல, உள்ள போய் உக்காரவும் முடியல. அங்க இருக்கு என்னுது."

இரண்டு பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே பனி தள்ளும் வண்டி போனது.

"டாக்டர் இடது கையப் பத்தி என்ன சொன்னாரு?" என்றான் கடைசியில்.

"இன்னும் வரல. வரும். எப்பன்னு தெரியாது. ஒரு வருஷமோ, அஞ்சு வருஷமோ."

சொல்லி முடித்தபோது அது என் காதிலேயே வேறு மாதிரி விழுந்தது. செப்டம்பரிலிருந்து அதில் 'வரும்' என்பதை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். 'இன்னும் வரவில்லை' என்பதைக் கேட்டதே இல்லை.

பிஸ்டலை எடுத்து, காலிதானா என்று இரண்டு தடவை பார்த்து, எழுந்து நின்றேன். எங்கள் விளையாட்டில் சுடாத கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம். வலது கையைப் பையில் திணித்தேன். இடது கையை நீட்டி, சமையலறைச் சுவரில் ஆணி அடித்த ஓட்டையைக் குறி பார்த்தேன். ஐந்து நொடி. பத்து நொடி. முனை தள்ளாடியது, முதல் நாள் சைக்கிள் ஏறியவளைப்போல. ஆனால் அது நடுக்கம் இல்லை, பழக்கமில்லாமை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். முப்பது நொடி நின்றேன். கட்டைவிரல், சுடாமல் பூட்டி வைக்கும் சேஃப்டியைத் தேடியது. அது வலது கைக்காரர்களுக்கு வசதியாக மறுபக்கத்தில் இருந்தது. பிடிக்கு மேலே பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த சின்ன உலோக வால் கையின் சதையைக் கவ்வியது. குறிமுனை கண்ணுக்கே தெரியவில்லை.

"இது இப்படியே எனக்கு ஆகாது," என்றேன்.

"அதைத்தான் சீட்டுல எழுதியிருந்த," என்றான் அவன்.

திங்கட்கிழமை இருவருமாக ட்வைலாவின் பட்டறைக்குப் போனோம். ஹார்லன் எங்களைவிட்டு நான்கடி தள்ளி, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"வாய்யா கீறல் மன்னா!" என்றாள் ட்வைலா. "வெண்டல் ஊரெல்லாம் சொல்லிட்டாரு. உன் பேரைக் கொட்டை எழுத்துல எழுதியாச்சு."

"அழிச்சிடு. நான்தான் கீறினேன்," என்றேன்.

"போடி. நீயாவது கீறறதாவது."

"நான்தான்டி."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. நான் பெட்டியை அவள் மேஜையில் வைத்துத் திறந்தேன். "பெரிய குறிமுனை வேணும். பின்னாடி வாலை நீட்டணும். சேஃப்டி வலது பக்கத்துல வேணும்."

"வலது பக்கமா? அது இடது கைக்காரங்களுக்குடி."

"ஆமா. நான் இனிமே இடது கைக்காரி."

"ஏன்?"

வாயால் சொல்வதைவிடக் காட்டுவது சுலபமாக இருந்தது. வலது கையை நேராக நீட்டினேன், வெறும் கை. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். முதல் நான்கு நொடி அது ஏழு தடவை ஜெயித்த கைதான். பிறகு ஆட ஆரம்பித்தது. நான் கீழே இறக்கவில்லை. நன்றாக ஆடட்டும் என்று விட்டேன். நான்கு மாதத்தில் அதை வீட்டுக்கு வெளியே இன்னொருவர் கண் முன்னால் ஆட விட்டது அதுதான் முதல் தடவை.

"பார்க்கின்சன்," என்றேன். "இடது கைக்கு இன்னும் வரல."

"எவ்வளவு நாள் இருக்கு?"

"டாக்டருக்கே தெரியல."

மேஜையில் வேறு யாருடையதோ மூன்று துப்பாக்கிகள் வரிசையில் காத்திருந்தன. ட்வைலா அவற்றை எடுத்துப் பின்னால் இருந்த பலகையில் வைத்தாள். என் பிஸ்டலைப் பிரித்து, மேல்பகுதியைத் தனியாக எடுத்து, இரண்டு பக்கமும் தோல் கொடுத்து மேஜையில் பொருத்திய இடுக்கியில் பூட்டினாள்.

"ஒரு தடவ சொல்லிடறேன்," என்றாள். "கீறல்னாகூட எவனாவது குறைஞ்ச விலைக்கு எடுத்துப்பான். இதை வெட்டிட்டா அதுவும் கிடையாது. அப்புறம் இடது கையும் போச்சுன்னா, இதை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. நல்லா யோசிச்சியா?"

"ஒரு வாரமா அதைத்தான்டி பண்ணிட்டிருந்தேன்."

அவள் வெட்டுக் கருவியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். கண் நிறைந்து மூக்கின் ஓரமாக வழிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"கண்ணைத் துடைச்சுட்டு வெட்டுடி," என்றேன். "கோணலாப் போயிடப் போகுது."